சிங்கப்பூரில் மாரியோ உலகம் திறக்கும் முன்பே குமரி மாவட்டத்துக்காரர்கள் செய்து வைக்க வேண்டியவை

செந்தோசா தீவில், யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூர் என்ற பொழுதுபோக்குப் பூங்காவுக்குள்ளே சூப்பர் நிண்டெண்டோ வேர்ல்ட் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தின் மாரியோ வீடியோ கேம் உலகத்தை நிஜமாகக் கட்டிக் காட்டுகிற பகுதி அது. 2019 ஏப்ரலில் அறிவித்தது இது. அப்புறம் கொரோனா வந்து எல்லாம் தள்ளிப் போனது. அதே அறிவிப்பில் இருந்த மினியன் லேண்ட் என்ற இன்னொரு பகுதி 2025 பிப்ரவரி 14 அன்று திறந்துவிட்டது, மாரியோவுக்குத்தான் இன்னும் காத்திருக்கிறோம்.

நம் மாவட்டத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், உலகத்தில் இதற்கு முன் திறந்த மூன்றும் நமக்கு எட்டாத தூரம். ஒசாகா 2021இல், ஹாலிவுட் 2023இல், அமெரிக்காவின் ஆர்லாண்டோ 2025 மே மாதத்தில் திறந்தன. ஜப்பானுக்கோ அமெரிக்காவுக்கோ குடும்பத்தோடு போவது நம்மில் பலருக்குக் கணக்கில் வராத செலவு. சிங்கப்பூர் அப்படியில்லை. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 70 கிலோமீட்டர், அங்கிருந்து ஸ்கூட் விமானத்தில் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. சென்னைக்கு ராத்திரி முழுக்க ரயிலில் போவதைவிடக் குறைவான நேரம்.

இதற்கு ஒரே ஒரு வழி சொல்கிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து வருவதுதான்: நாள் பிடிக்கிற வேலைகளை எல்லாம் இப்போது செய்யுங்கள், பணம் கட்டுகிற வேலைகளை எல்லாம் திறந்து சில மாதம் கழித்துச் செய்யுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். தேதி வந்த அன்றே டிக்கெட் போட்டுவிட்டு, அப்புறம் பிள்ளையின் பாஸ்போர்ட்டுக்கு ஓடுகிறார்கள்.

தேதியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்

ஒசாகாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். முதலில் 2020 ஒலிம்பிக்குக்கு முன் திறப்பதாக இருந்தது. பிறகு 2021 பிப்ரவரி 4 என்று தேதியே சொன்னார்கள், அதுவும் தள்ளிப் போய் மார்ச் 18 அன்றுதான் திறந்தது. அங்கேயே டாங்கி காங் என்ற கொரில்லாவின் பகுதி 2024 வசந்த காலத்தில் வருவதாகச் சொல்லி, டிசம்பர் 11 அன்று வந்தது. ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. ரைடுகளைப் பாதுகாப்புச் சோதனை முடிக்காமல் யாரும் திறக்க மாட்டார்கள், திறக்கவும் கூடாது. ஆனால் நீங்கள் மலிவு விலையில், பணம் திரும்பக் கிடைக்காத விமான டிக்கெட் வாங்கி வைத்திருந்தால் அந்தத் தாமதத்தின் செலவு உங்கள் தலையில்தான் விழும்.

இன்னொன்று, அதிகாரபூர்வத் திறப்புக்கு முன் பல பூங்காக்கள் சோதனையாகக் கதவைத் திறந்து சிலரை உள்ளே விடுவது உண்டு. ஹாலிவுட்டில் 2023 பிப்ரவரி 17 திறப்பு, ஜனவரியிலேயே சோதனை ஓட்டம் நடந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது நல்ல வாய்ப்பு, காலையில் போய்ப் பார்த்து மூடியிருந்தால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். களியக்காவிளை தாண்டி விமானம் ஏறிப் போகிற நமக்கு அது சரிப்படாது.

"நிண்டெண்டோ உட்பட" என்று இப்போதே பேக்கேஜ் விற்கிற ஆட்கள் வருவார்கள். பூங்காவே அந்தப் பகுதிக்கு டிக்கெட் விற்கத் தொடங்காத வரை அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இல்லை. முன்பணம் கொடுக்காதீர்கள். பூங்காவை நடத்துகிற ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசாவின் சொந்த அறிவிப்பு ஒன்றையே ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்தான் முதல் வேலை

நம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது, திருநெல்வேலியில் சேவா கேந்திரா இருக்கிறது. சாதாரண முறையில் 36 பக்கப் புத்தகத்துக்குப் பெரியவர்களுக்கு 1500 ரூபாய், பிள்ளைகளுக்கு 1000 ரூபாய். பெரியவர்களுடையது 10 வருடம் செல்லும். பிள்ளைகளுடையது 5 வருடம்தான். சிங்கப்பூருக்குள் நுழையும் நாளில் குறைந்தது 6 மாதம் செல்லுபடி மீதி இருக்க வேண்டும், அதனால் வீட்டில் ஏற்கெனவே பாஸ்போர்ட் இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காமல் பிள்ளைகளின் புத்தகத்தைத் திறந்து கடைசித் தேதியை இன்றே பாருங்கள்.

பிள்ளைக்கு எடுக்கும்போது அப்பா, அம்மா இருவர் சம்மதமும் கேட்பார்கள். நம் ஊரில் பாதி வீட்டில் அப்பா கல்ஃபில் இருப்பார். அவர் லீவுக்கு வருகிற மாதத்தில் இந்த வேலையை முடித்துவிட்டால் எளிது, இல்லாவிட்டால் கூடுதல் பத்திரங்களுக்கு அலைய வேண்டிவரும். அவர் வரும் தேதி தெரிந்ததும் அந்த லீவுக்குள் வருகிற மாதிரி நேரம் பதிவு செய்துவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் கவனம். நாம் இனிஷியலோடு வாழ்கிறவர்கள், பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரியும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, பள்ளிக்கூடச் சான்றிதழில் இன்னொரு எழுத்து என்று இருந்தால் முதலில் அதைச் சரி பண்ணுங்கள். பிறகு விமான டிக்கெட்டிலும் விசாவிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, ஒரு எழுத்து மாறாமல் போட வேண்டும்.

விசாவுக்கு இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம். பயணம் உறுதியான பிறகு அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் வழியாகப் போடுவது அது. அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், நிராகரித்தாலும் திரும்ப வராது, ஏஜென்டின் சேவைக் கட்டணம் தனி. சிங்கப்பூர் போய்ச் சேருவதற்கு முந்தைய 3 நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கிற தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை.

பிள்ளைகளுக்கு மாரியோவை அறிமுகப்படுத்துங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். 90களில் வளர்ந்தவர்களுக்கு மாரியோவை யாரும் சொல்லித்தர வேண்டாம். கல்ஃபிலிருந்து மாமா கொண்டுவந்த டிவி கேம், "9999 இன் 1" என்று எழுதிய கேசட், அதில் திரும்பத் திரும்ப வருகிற அதே சில விளையாட்டுகள், ஓடாவிட்டால் கேசட்டைக் கழற்றி ஊதுவது, எல்லாம் கை விரலிலேயே இருக்கிறது. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலானவை நிண்டெண்டோ செய்தவை அல்ல, அவர்களுடைய பழைய பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள். ஆனால் உள்ளே ஓடியது 1985இல் வந்த அதே சூப்பர் மாரியோ பிரதர்ஸ். அதனால்தான் ஒசாகாவில் பச்சைக் குழாய்க்குள் நுழைந்து, பீச் இளவரசியின் கோட்டைக்குள் வந்து, வெளியே காலெடுத்து வைக்கிற வீடியோவைப் பார்க்கும்போது நாற்பது வயதுக்காரருக்கும் தொண்டை அடைக்கிறது.

நம் பிள்ளைகளுக்கு அந்த நினைவு கிடையாது. அவர்கள் வளர்ந்தது வேறு விளையாட்டுகளில். விளையாட்டே தெரியாமல் உள்ளே போகிற பிள்ளைக்கு அது கலர் அடித்த கட்டடம். தெரிந்து போகிற பிள்ளைக்கு ஒவ்வொரு மஞ்சள் பெட்டியும் தலையால் முட்ட வேண்டிய பெட்டி, ஒவ்வொரு குழாயும் எங்கேயோ கொண்டுபோகிற வழி. ஆகவே இந்தக் காத்திருப்பு மாதங்களில் வாரம் ஒரு சாயங்காலம் போதும், சேர்ந்து விளையாடுங்கள்.

பெட்டி வாங்கித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. போனில் சூப்பர் மாரியோ ரன் இருக்கிறது, முதல் சில கட்டங்கள் இலவசம். மாரியோ கார்ட் டூர் என்ற கார்ப் பந்தய விளையாட்டை இறக்குவதும் இலவசம். சின்னப் பிள்ளைகளுக்குக் கார்ட்டில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் அந்தப் பகுதியின் முக்கிய ரைடே அதுதான். ஆமை ஓடுகளை எறிவது, வாழைப்பழத்தோல், நாணயம் சேர்ப்பது இந்த மூன்றும் புரிந்தால் போதும்.

நிண்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற விளையாட்டுப் பெட்டியை வாங்க முடிந்தவர்கள் வாங்கலாம். இந்தியாவில் அந்த நிறுவனம் நேரடியாக விற்பதில்லை, இங்கே கடைகளில் இருப்பது இறக்குமதி செய்தது, விலையும் கூட. துபாயிலோ குவைத்திலோ சொந்தக்காரர் இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள். எந்த நாட்டில் வாங்கினாலும் விளையாட்டு அட்டைகள் ஓடும். சார்ஜர் முனை மட்டும் நம் ஊர் பிளக்கில் பொருந்தாது, அடாப்டர் வேண்டும். வாரண்டியும் இங்கே கிடைக்காது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய ஸ்விட்ச் 2 வந்திருப்பதால் பழைய ஸ்விட்சைச் செகண்ட் ஹேண்டில் தேடுவது தப்பே இல்லை, மாரியோ கார்ட் 8 டீலக்ஸ் அதில் நன்றாகவே ஓடும்.

உயரம், பயம், வரிசை

ஒசாகாவில் மாரியோ கார்ட் ரைடுக்குப் பெரியவர் துணையோடு 107 செ.மீ., தனியாக 122 செ.மீ. வேண்டும். யோஷி என்ற டைனோசரின் ரைடுக்குத் துணையோடு 92 செ.மீ. போதும். சிங்கப்பூர் தன் அளவுகளை அறிவிக்கும்போது அதுதான் கணக்கு, ஆனால் திட்டமிட இந்த எண்கள் உதவும். வீட்டுச் சுவரில் 107இல் ஒரு கோடும் 122இல் ஒரு கோடும் போடுங்கள். இப்போது 100 செ.மீ. இருக்கிற பிள்ளைக்கு ஒரு வருடம் பொறுத்துப் போவதில் நஷ்டமே இல்லை, லாபம்தான். அங்கே போய் அளவுக் கம்பிக்கு முன்னால் பிள்ளை அழுவதைவிட இங்கே கோட்டைப் பார்த்துக் காத்திருப்பது நல்லது.

வேகம் பற்றிப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாரியோ கார்ட் ரைடு ரோலர் கோஸ்டர் கிடையாது. நாலு பேர் உட்காரும் வண்டி, மெதுவாகத்தான் போகும். தலையில் மாரியோ தொப்பி மாதிரி ஒரு பட்டை, அதில் கண்ணாடி மாட்டிக்கொள்ள வேண்டும், அதன் வழியாக எதிரிகளும் நாணயங்களும் உண்மையான அரங்குகளின் மேல் தெரியும். அம்புக்குறி காட்டும் பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும், எங்கே பார்க்கிறீர்களோ அங்கே ஆமை ஓடு பறக்கும். இந்தக் கடைசி விஷயம் தெரியாமல் பலர் ஸ்டியரிங்கைப் பார்த்தே பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள். பார்வையால்தான் குறி.

டாங்கி காங் ரைடு வேறு ரகம். சுரங்க வண்டி உடைந்த தண்டவாளத்தைத் தாண்டிக் குதிக்கிற மாதிரி இருக்கும். உண்மையான தண்டவாளம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஓடுகிறது, வண்டி அதிலிருந்து நீளும் ஒரு கையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அவ்வளவு அழகான தந்திரம்! பயப்படுகிற பிள்ளைக்கு இந்த ரகசியத்தை முன்பே சொல்லிக் கொடுத்தால் தைரியம் வரும்.

ஆனால் ஒன்று, எல்லா ஊரிலும் எல்லா ரைடும் இல்லை. ஹாலிவுட்டில் மாரியோ கார்ட் மட்டும். ஒசாகாவில் யோஷி முதலிலிருந்தே உண்டு, டாங்கி காங் பின்னால் சேர்ந்தது. ஆர்லாண்டோவில் மூன்றும் முதல் நாளிலிருந்தே. ஒசாகா வீடியோவைக் காட்டி "நீ யோஷி மேல் போவாய்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சிங்கப்பூர்ப் பட்டியல் வந்த பிறகு வாக்குக் கொடுக்கலாம்.

வரிசையில் நிற்பதற்கும் பழக்கம் வேண்டும். கன்னியாகுமரியில் பேவாட்ச் பூங்கா இருக்கிறது, முதல் ரைடு பயம் போக அது போதும். கொஞ்சம் பெரிய பிள்ளைகளை ஒரு முறை கொச்சி வொண்டர்லாவுக்குக் கூட்டிப் போங்கள். வெயிலில் நாள் முழுக்க நடந்து, வரிசையில் நின்று, பெரிய ரைடு ஏறிப் பார்த்தால் உங்கள் வீட்டில் யாருக்கு எவ்வளவு தாங்கும் என்பது தெரிந்துவிடும். பாட்டாவும் பாட்டியும் வருகிறார்களா என்பதையும் அதை வைத்து முடிவு பண்ணலாம்.

எப்போது போவது

தோவாளையில் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பூ விலை ஏறுகிற மாதிரி, திறப்பு வாரங்களில் விமான டிக்கெட்டும் ஓட்டல் வாடகையும் ஏறும். கூட்டமும் நெரியும், புது ரைடுகள் இடையிடையே நின்றும் போகும். நான் சொல்வது, திறந்து குறைந்தது நாலைந்து மாதம் விடுங்கள்.

அப்புறம் லீவுக் கணக்கு. நம் ஊர் மே மாத லீவு நமக்குச் சாதகம், ஏனென்றால் சிங்கப்பூர்ப் பள்ளிகளின் நடுவாண்டு விடுமுறை மே கடைசியில்தான் தொடங்கி ஜூன் முழுக்கப் போகும். மே முதல் மூன்று வாரத்தில் செவ்வாய், புதன், வியாழன் என்று பார்த்துப் போனால் உள்ளூர்க் கூட்டம் குறைவு. மே 1 அங்கேயும் விடுமுறை, அதைத் தவிருங்கள். கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3 நமக்கு உள்ளூர் விடுமுறை, அதோடு சேர்த்துப் போகலாம் என்று தோன்றும். வேண்டாம், அங்கே நவம்பர் பிற்பாதியிலிருந்தே வருடக் கடைசி விடுமுறை, டிசம்பர் கடைசி வரை நெருக்கடிதான். காலாண்டு லீவில் போனால் அக்டோபர் முதல் வாரத்தில் சீனாவின் தேசிய விடுமுறைக் கூட்டம் வரும், அதை ஒட்டிய வாரங்களில் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயமும் வந்தால் ஓட்டல் விலையைக் கேட்கவே முடியாது.

பணத்துக்கு தபால் ஆபீஸ் ஆர்.டி. போதும், மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம். எவ்வளவு தேவை என்பதற்கு இன்றைய பூங்கா டிக்கெட் விலையைச் சிங்கப்பூர் டாலரில் பாருங்கள், அன்றைய மாற்று விலையில் ரூபாய்க்குக் கணக்குப் போட்டு, அதற்கு மேல் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

போகிற வழி

திருவனந்தபுரத்தில் சர்வதேச முனையம் சாக்கை பக்கம், உள்நாட்டு முனையம் சங்குமுகம் பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஓடுபாதை. டாக்சிக்காரரிடம் "ஏர்போர்ட்" என்று மட்டும் சொல்லாமல் "சாக்கை, டெர்மினல் 2" என்று சொல்லுங்கள். தவறான பக்கம் இறங்கினால் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

சிங்கப்பூரில் லிட்டில் இந்தியா, ஃபாரர் பார்க் பக்கம் தங்குங்கள். சாப்பாட்டுக்கு மட்டும் இல்லை. அங்கிருந்து ஊதா நிற மெட்ரோ லைனில் ஏறினால் மாறாமலேயே ஹார்பர்ஃபிரண்ட் வரை போய் இறங்கலாம். மேலே விவோசிட்டி மால், அதன் மூன்றாம் தளத்தில் செந்தோசா மோனோரயில். பூங்காவுக்கு ரிசார்ட்ஸ் வேர்ல்ட் நிலையத்தில் இறங்க வேண்டும். கால் வலிக்காதவர்கள் கடலோர நடைபாதையில் நடந்தும் போகலாம், அது இலவசம். வீட்டிலிருந்து முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் ஓட்டல் அறைக்குக் கொண்டுபோங்கள், பூங்காவுக்குள் வெளிச் சாப்பாடு விட மாட்டார்கள். சூயிங்கம் மட்டும் பையில் வேண்டாம், அந்த நாட்டுக்குள் கொண்டுபோகத் தடை.

அன்றைக்கு

ஒசாகாவில் கூட்ட நாட்களில் அந்தப் பகுதிக்குள் போகவே நேரம் குறித்த தனி அனுமதி வேண்டும், பூங்காவுக்குள் நுழைந்த பிறகு செயலியில் எடுக்க வேண்டும். சிங்கப்பூரிலும் இப்படி வைத்தால் திணறாமல் இருக்க, பூங்காவின் செயலியை முதல் நாளே இறக்கிக் கணக்குத் தொடங்கி, அங்கே வேலை செய்கிற டேட்டா சிம்மும் போட்டு வையுங்கள். கதவு திறக்கும் முன் வாசலில் இருங்கள்.

உள்ளே போனதும் நேராக மாரியோ கார்ட். ஒசாகா மாதிரியே கட்டினால் வரிசையே பௌசர் என்ற வில்லனின் கோட்டைக்குள் போகும், சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடங்கள், போனைப் பையில் வையுங்கள். ரைடு முடிந்த பிறகு கைப்பட்டை வாங்கலாம். அதைக் கட்டிக்கொண்டு மஞ்சள் பெட்டிகளைக் குத்தினால் நாணயம் செயலியில் சேரும், சின்னச் சின்னப் போட்டிகளில் மூன்று சாவி வென்றால் பௌசர் ஜூனியரோடு கடைசிச் சண்டைக்குக் கதவு திறக்கும். சாவி சேர்க்க ஒவ்வொருவருக்கும் தனிப் பட்டை வேண்டும், அதனால் இரண்டு பிள்ளை இருந்தால் இரண்டு பட்டைக்குப் பணம் ஒதுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கேயே சண்டை தொடங்கும். இணையத்தில் முன்கூட்டியே வேறு ஊர்ப் பட்டை வாங்காதீர்கள்.

மதியம் மழைக்கு வாய்ப்பு அதிகம். இடி மின்னல் வந்தால் வெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்ததும் திரும்ப அந்தப் பகுதிக்கு வாருங்கள், காலையில் விட்ட சாவிகளைச் சேர்க்க அதுதான் நல்ல நேரம். சிங்கப்பூரில் வருடம் முழுக்க ஏறக்குறைய ஏழு மணிக்குத்தான் இருட்டும், பூங்கா மூடும் நேரம் நாளுக்கு நாள் மாறும். விளக்கு எரிகிற மாரியோ உலகத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றால், ஏழு மணிக்குப் பிறகும் திறந்திருக்கிற நாளைப் பார்த்து டிக்கெட் போடுங்கள்.